எந்தப் பாட்டு என்பதை அம்மா சொல்லட்டும்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். வலது காலுக்கு அடுத்த மாதம் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. தினமும் வலி மாத்திரை போடுகிறார். கிட்னி கெட்டுவிடுமோ என்று எனக்குப் பயம். அப்பா தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. அதிலிருந்து அம்மா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை, ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. எந்த நோய்க்கு எந்த ராகம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. அதைப் பார்த்து காலையும் மாலையும் வீணை இசை போட்டுவிடுகிறேன். பத்து நிமிடம் ஆனதும் "அதைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்கிறார். எங்கள் ஊரில் ஒரு மையத்தில் 12 நாள் ராக சிகிச்சைக்கு 24,000 ரூபாய் கேட்கிறார்கள். முடித்துவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் "எல்லாம் ஏமாற்று வேலை" என்கிறான். இன்னொன்று, அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டு டிவியில் வந்தால் அம்மா அழுதுவிடுகிறார். அதனால் உடனே சேனலை மாற்றிவிடுகிறோம். இசையால் உண்மையிலேயே வலி குறையுமா? நாங்கள் என்ன செய்வது?

ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை நிறுத்த வேண்டாம். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை எலும்பு மருத்துவரும் மயக்க மருத்துவரும் பார்த்துச் சொல்வார்கள். சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், சிலவற்றை அன்று காலையில்கூட ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். இசை மையத்தில் இருப்பவர் முடிவு செய்கிற விஷயம் இல்லை அது. வலி மாத்திரையைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சர்க்கரையும் பிரஷரும் இருப்பவருக்குச் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், வயிற்றில் புண் உண்டாக்கவும் கூடும். அம்மா போடுகிற மாத்திரையின் அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடமே காட்டிக் கேளுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்து, தேவைப்பட்டால் வேறு மருந்துக்கு மாற்றித் தருவார்.

சரி, இசைக்கு வருவோம். உங்கள் அண்ணன் சொல்வது பாதிதான் சரி. மாத்திரையே வேண்டாம் என்று சொல்லிப் பணம் வாங்குவது தவறு, அதில் அவர் கோபம் நியாயம். ஆனால் இசையால் வலி குறைகிறது என்பது இன்று வெறும் நம்பிக்கை இல்லை. நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சையோடு இசையும், இன்னொன்றுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

எவ்வளவு குறைகிறது என்பதைத்தான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிச் சலித்துப் பார்க்கிற காக்ரேன் என்ற அமைப்பு 2006ல் 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 3,663 பேர் கலந்துகொண்டவை அவை. வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொன்னால், இசை கேட்டவர்களுக்குச் சராசரியாக அரைப் புள்ளிதான் குறைந்திருந்தது. 7 இருந்த இடத்தில் ஆறரை. ஆபரேஷன் முடிந்த முதல் 24 மணி நேரத்தில் மார்ஃபின் வகை மருந்தின் தேவை 15 சதவீதம் போலக் குறைந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 2015ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் லண்டன் ஆய்வாளர்கள் ஒரு பெரிய தொகுப்பை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவர்களிடம் நடந்த 73 ஆய்வுகள், ஏறக்குறைய 7,000 நோயாளிகள். அதில் வலி, பதற்றம், வலி மருந்தின் தேவை மூன்றுமே குறைந்திருந்தன. ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையவில்லை. காதில் பாட்டு கேட்கிறதா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடும், அதை மறைத்து வைத்துச் சோதிக்க முடியாது, குறையும் என்ற எதிர்பார்ப்பே வலியைக் கொஞ்சம் குறைத்துக் காட்டலாம். அதனால் இந்த எண்களை நான் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்வேன். கழித்த பிறகும் பலன் மிஞ்சுகிறது என்பதுதான் என் கருத்து. செலவு இல்லாத, சிறுநீரகத்தைக் கெடுக்காத, மற்ற மருந்தோடு மோதாத ஒன்று அரைப் புள்ளி குறைத்தாலும் நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அம்மாவின் நோய்க்கே பொருந்துகிற ஆய்வும் ஒன்று உண்டு. 2003ல் வெளியானது. அமெரிக்காவில் மூட்டுத் தேய்மான வலி உள்ள முதியவர்கள் 66 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை தினம் 20 நிமிடம் இசை கேட்க வைத்தார்கள். மீதிப் பேரை அதே 20 நிமிடம் சும்மா அமைதியாக உட்கார வைத்தார்கள். 14 நாள் இப்படிச் செய்ததில், இசை கேட்டவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. ஓய்வாக உட்கார்ந்ததால் வந்த பலன் மட்டும் இல்லை என்பது இதில் தெரிகிறது, அதனால்தான் இந்தச் சிறிய ஆய்வை நான் மதிக்கிறேன்.

ஏன் குறைகிறது என்று கேட்பீர்கள். முழங்காலில் கிளம்புகிற செய்தி நேராக மூளைக்குப் போய் அப்படியே வலியாக மாறுவதில்லை. வழியில் தண்டுவடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வாசல் இருக்கிறது என்று 1965ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் சொன்னார்கள். வலி மருத்துவத்தையே மாற்றிய கருத்து அது. அந்த வாசலை இறுக்கவும் தளர்த்தவும் மூளையிலிருந்து கீழ்நோக்கி உத்தரவு வருகிறது. பயம், தனிமை, தூக்கமின்மை எல்லாம் அதைத் திறந்துவிடும். நிம்மதியும் ஈடுபாடும் மூடும். உங்கள் அம்மாவுக்கு இப்போது திறந்துவிடுகிற பக்கம் எல்லாமே ஒன்றாக நடந்துகொண்டிருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரிகிற தேய்மானத்தைவிட வலி அதிகமாகத் தெரிந்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தயவுசெய்து இதை "எல்லாம் மனசுதான்" என்று யாரும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. வலி உண்மை, மூட்டு தேய்ந்திருப்பதும் உண்மை.

மனசுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒலிக்கே ஒரு வேலை இருக்கலாம் என்று காட்டிய சோதனையும் இருக்கிறது. 2022ல் சயன்ஸ் இதழில் வந்தது, சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து எலிகளிடம் செய்தது. பாதம் வீங்கி வலியில் இருந்த எலிகளுக்கு மேலைச் செவ்வியல் இசையைக் கேட்க வைத்தார்கள், அதையே காதுக்கு ஒவ்வாதபடி மாற்றியும் கேட்க வைத்தார்கள், வெறும் இரைச்சலையும் கேட்க வைத்தார்கள். மூன்றுமே வலியைக் குறைத்தன. ஆனால் ஒரு நிபந்தனை: அறையில் ஏற்கெனவே இருக்கிற சத்தத்தைவிட 5 டெசிபல் மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். அதைவிட உரக்க வைத்தால் பலன் இல்லை. எலிக்குச் சரியானது மனிதருக்கும் அப்படியே சரி என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் பக்கத்து வீடுவரை கேட்கிற மாதிரி வைக்காமல் மெல்லிசாக வைத்துப் பார்க்க இது ஒரு காரணம்.

மனிதர்களிடம் வரும்போது கதை வேறு. இங்கே பாட்டு யாருடையது என்பது பெரிய விஷயம். அம்மா "நிறுத்தேன்" என்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வீணை நல்ல இசைதான். ஆனால் அது வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கென்று நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள், நீங்களே போட்டீர்கள், நேரத்தையும் நீங்களே குறித்தீர்கள். ஏற்கெனவே என்ன சாப்பிடுவது, எப்போது மாத்திரை, எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்கிற ஒரு வாழ்க்கைக்குள் பாட்டும் ஒரு மருந்து வேளையாக வந்து சேர்ந்துவிட்டது.

இதை நான் உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அன்போடு செய்திருக்கிறீர்கள். ஆனால் இந்த இடத்தில் ஆய்வுகள் ஏறக்குறைய ஒரே பக்கமாகப் பேசுகின்றன. 2022ல் வெளியான ஒன்றில், உண்மையாகவே ஏதோ ஒரு வலியில் இருந்த 286 பேருக்கு யாரும் அதற்குமுன் கேட்டிராத ஒரு புதிய இசைத்துண்டைக் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும், அந்த இசை எப்படி இருக்க வேண்டும் என்பதில் அவர்களுடைய தேர்வும் இருக்கிறது என்ற எண்ணத்தை உண்டாக்கினார்கள். அப்படி நினைத்தவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. இசை எளிமையானதா, சிக்கலானதா என்பதால் ஒரு மாற்றமும் இல்லை. என் கையில் இருக்கிறது என்ற நினைப்பே வேலை செய்திருக்கிறது. நாட்பட்ட வலிக்கான 14 ஆய்வுகளை 2017ல் சேர்த்துப் பார்த்தபோதும், நோயாளி தானே தேர்ந்த இசை, ஆய்வாளர் தேர்ந்து கொடுத்ததைவிட நன்றாகப் பலன் தந்திருந்தது. முழுக்க ஒரே குரல் என்று சொல்ல மாட்டேன். நாட்பட்ட வலியுள்ள 60 பேர் தினம் ஒரு மணி நேரம் ஒரு வாரம் இசை கேட்ட 2006ஆம் ஆண்டு ஆய்வில், சொந்தத் தேர்வுக்கும் கொடுக்கப்பட்டதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வலியும் மனச்சோர்வும் இரண்டு குழுவிலுமே குறைந்தன.

அப்புறம், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2023ல் வெளியிட்ட ஓர் ஆய்வு. 63 இளைஞர்களின் முன்கையில் சூடு வைத்து (தோல் புண்ணாகாத அளவுதான்) அவர்களுக்குப் பிடித்த பாட்டையும், 'மனதை அமைதிப்படுத்தும்' என்று பெயர் வாங்கிய வேறு இசையையும் கேட்க வைத்தார்கள். பிடித்த பாட்டுதான் ஜெயித்தது. 100க்கு, வலியின் அளவு 4 புள்ளி குறைந்தது. அந்த வலி தருகிற தொல்லை 9 புள்ளி குறைந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். வலி கிட்டத்தட்ட அங்கேயேதான் இருக்கிறது, ஆனால் அது நம்மை அவ்வளவாகப் படுத்துவதில்லை. வருடக்கணக்கில் வலியோடு வாழ்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை குறைவதுதான் அதிகம் தேவை.

அதே ஆய்வு உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்கிறது. எந்த மாதிரிப் பாட்டு தொல்லையை அதிகமாகக் குறைத்தது என்று பார்த்தால், துள்ளலான பாட்டைவிட, மனதைப் பிசைகிற, இனிப்பும் துயரமும் கலந்த பாட்டுகள்தான். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு அந்த வகைதானே? ஐம்பது வருடத்துக்கு முன்பு ரேடியோவில் சுசீலா பாடக் கேட்டு இரண்டு பேரும் சேர்ந்து முணுமுணுத்த பாட்டாகக்கூட இருக்கலாம். அது வந்ததும் சேனலை மாற்றினால், அழக் கூடாது என்றும், அவரைப் பற்றி இந்த வீட்டில் நினைக்கக் கூடாது என்றும் அம்மாவுக்குச் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது. மாற்றாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பாட்டு முடிந்ததும் "அப்பா இதை எப்பம்மா முதல்ல பாடினாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

அழுகையை அளவுகோலாக வைக்க வேண்டாம், அழுத பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதாவது பேசினால், காபி கேட்டால், அந்தப் பாட்டு அவருக்கு நல்லது செய்கிறது. அழுத பிறகு மணிக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி இருந்தால், அதே பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டு இன்னும் கீழே போனால், அப்போது அந்தப் பாட்டைக் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். மனச்சோர்வு உள்ளவர்கள் சிலருக்குச் சோகப் பாட்டு நினைப்பை ஒரே இடத்தில் சுழல வைத்துவிடும்.

மனச்சோர்வு என்றதும் ஒன்று கேட்கிறேன். அம்மா சரியாகச் சாப்பிடுகிறாரா? விடிய மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு திரும்பத் தூக்கம் வராமல் கிடக்கிறாரா? "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று சொல்கிறாரா? துணையை இழந்து ஒன்றரை வருடம் ஆகியும் பேச்சு குறைந்தே இருந்தால் ஒரு மனநல மருத்துவர் பார்ப்பது நல்லது. ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது. மனச்சோர்வு இருந்தால் மூட்டு மாற்றிய பிறகும் வலி நிறைய நாள் நீடிப்பதை நாங்கள் பார்க்கிறோம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போவதற்குத் தயங்கினால் 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி சேவையில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மனச்சோர்வுக்கு இசை சிகிச்சை உதவுமா என்றால், உதவுகிறது. வழக்கமான சிகிச்சையோடு அதையும் சேர்த்தால் குறுகிய காலத்தில் பலன் கூடுகிறது என்று 9 ஆய்வுகளை, 421 பேரை வைத்து 2017ல் காக்ரேன் சொன்னது. ஆனால் அங்கே இசை சிகிச்சை என்பது ரெக்கார்டைப் போட்டுவிட்டுப் போவது மட்டும் இல்லை. 2011ல் வெளியான பின்லாந்து ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்கள் பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு உட்கார்ந்து, ஜெம்பே என்ற ஆப்பிரிக்க மேளத்தையும் மற்ற கருவிகளையும் கைக்கு வந்தபடி வாசித்தார்கள், வாசித்ததைப் பற்றிப் பேசினார்கள். 20 அமர்வுகள். வாய்க்கு வராத துக்கம் கையில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர் மையத்தில் இப்படி ஏதாவது செய்கிறார்களா என்று விசாரியுங்கள். பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் என்றால் முதல் நாள் அம்மாவிடம் உட்கார்ந்து அவர் எந்த ஊரில் வளர்ந்தார், என்ன பாட்டுக் கேட்டார், கோவிலில் பாடினாரா, நடவுப் பாட்டுத் தெரியுமா, எந்தப் பாட்டு வேண்டவே வேண்டாம் என்று ஒரு மணி நேரம் கேட்பார். மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்ப்பார். அதை நிறுத்து என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். புதுச்சேரியில் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இதை முறையாகக் கற்றுக்கொடுக்கிற ஒரு மையமே இருக்கிறது. அப்படி எங்கே படித்தார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நோயின் பெயரைச் சொன்னதும் ராகத்தின் பெயரைச் சொல்கிற இடமாக இருந்தால் 24,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரவழைக்க அந்தப் பணம் தேவைப்படும்.

ராகப் பட்டியலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நம் மண்ணில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. முத்துசுவாமி தீட்சிதரின் சீடர் தம்பியப்பன் தீராத வயிற்றுவலியில் கிடந்தபோது, அவருக்காக தீட்சிதர் நவக்கிரகங்களில் குருவின் மேல் அடாணா ராகத்தில் ஒரு கீர்த்தனை செய்து பாட வைத்தார், வலி போனது என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் அதைக் கூர்ந்து பாருங்கள்: குரு தன் சீடனுக்காகவே செய்தார், சீடனே உட்கார்ந்து பாடினார், இசையே வாழ்க்கையான ஒருவர். இதிலிருந்து ராகத்தை மட்டும் பிய்த்தெடுத்து "வயிற்றுவலிக்கு அடாணா" என்று யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியுமா?

இப்போது வருகிற பட்டியல்களில் இருக்கிற ராகங்களில் ஆய்வுக்கு உட்பட்டவை மிகக் குறைவு. ஆனந்தபைரவியை வைத்து ஆபரேஷன் செய்துகொண்ட 60 பேரிடம் ஒரு ஆய்வு நடந்து 2014ல் இந்தியாவின் அறுவைச்சிகிச்சை இதழ் ஒன்றில் வந்தது. அந்த ராகத்தைக் கேட்டவர்களுக்கு வலி மருந்தின் தேவை நன்றாகவே குறைந்திருந்தது. நல்ல முயற்சி, இன்னும் பெரிய அளவில் செய்ய வேண்டும். ஆனால் அது இசை கேட்டவர்களை இசை கேட்காதவர்களோடு ஒப்பிட்டது. ஆனந்தபைரவிக்குப் பதில் நீலாம்பரியோ, ஒரு சினிமாப் பாட்டோ, ஒரு நையாண்டி மேளமோ கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதிலிருந்து தெரியாது. லான்செட் தொகுப்பிலும் எந்த இசை என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை. அம்மா கர்நாடக இசையில் வளர்ந்தவர் என்றால் ஆனந்தபைரவி அவருக்கு அருமையான மருந்து. அப்படி இல்லையென்றால் பட்டியலை அழித்துவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அம்மாவிடம் ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல இருபது முப்பது பாட்டு எழுதிக்கொள்ளுங்கள். சினிமா, சாமி பாட்டு, கொண்டாட்டம், ஒப்பாரி எதுவானாலும் தடுக்காதீர்கள். அண்ணனை அந்தப் பாட்டுகளைத் தேடி ஒரு மெமரி கார்டில் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். தூரத்தில் இருக்கிறவருக்கு அம்மாவுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைக்கும். போடுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே பொத்தான் இருக்கிற சின்ன ஸ்பீக்கரை வாங்கி அவர் கைக்கு எட்டும்படி வையுங்கள். போனில் தேட வேண்டும், மகளைக் கூப்பிட வேண்டும் என்றால் பழையபடி உங்கள் கையில்தான் இருக்கும். பகலில் வலி ஏறத் தொடங்கும்போதே போட வேண்டும். உச்சத்துக்குப் போன பிறகு எந்தப் பாட்டும் காதில் ஏறாது. 20 நிமிடம் போதும். இரவில் நிதானமாகப் போகிற பாட்டாக, அவர் மனப்பாடமாக அறிந்ததாக இருந்தால் நல்லது, புதிய பாட்டு விழிக்க வைக்கும். இயர்போன் என்றால் பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கிற அளவுக்கு வையுங்கள்.

முழங்காலுக்கு உண்மையான மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்துகிற பயிற்சிதான். ஆபரேஷனுக்கு முன்பும் சரி, பின்பும் சரி. வலிக்கும் என்று பயந்துதான் பெரும்பாலும் செய்வதில்லை. பாட்டை இங்கே கொண்டுவாருங்கள். தாளம் தெளிவாகக் கேட்கிற ஒரு பாட்டுக்குக் காலை நீட்டி மடக்குவது, ஒரு பாட்டு முடியும் வரை முற்றத்தில் நடப்பது என்று வைத்துக்கொண்டால் எண்ணிக்கை வேண்டாம், கடிகாரம் வேண்டாம். முடிந்தால் பாடவும் சொல்லுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ராபின் டன்பாரின் குழு 2012ல் வெளியிட்ட ஆய்வில், பாடியவர்கள், மேளம் அடித்தவர்கள், ஆடியவர்களுக்கு வலியைத் தாங்கும் திறன் கூடியது. சும்மா கேட்டவர்களுக்குக் கூடவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலில் பெண்கள் சேர்ந்து பாடுகிற குழு உங்கள் தெருப்பக்கம் இருந்தால், ஒரு நாற்காலியோடு அம்மாவை அங்கே கொண்டுபோய் விடுங்கள். வலிக்கும் தனிமைக்கும் சேர்த்து இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

ஆபரேஷன் அன்றைக்கு: மூட்டு மாற்றத்துக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பார்கள். அம்மா விழித்திருக்கலாம். எலும்பை அறுக்கிற, தட்டுகிற சத்தம் காதில் விழும், பலருக்கு வலியைவிட அதுதான் பயம். அவருடைய பாட்டை இயர்போனில் கேட்கலாமா என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 157 பேரிடம், நரம்பு மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்பு பதற்றம் குறைக்கிற மிடசோலம் மருந்தையும் இசையையும் ஒப்பிட்டு 2019ல் வெளியிட்டார்கள். பதற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் இசைக் குழுவுக்குத் திருப்தி குறைவாக இருந்தது. பாட்டை நோயாளிகள் தேர்ந்தெடுக்கவில்லை, வெளிச்சத்தத்தை அடைக்கிற ஹெட்போனால் டாக்டர் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை. அதனால் அம்மாவுக்கு ஒரு காதில் மட்டும் போதும், பாட்டு அவருடையதாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் சில வாரம் பயிற்சி செய்யும்போது நன்றாகவே வலிக்கும். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு மருத்துவர் சொன்ன மாத்திரை, பயிற்சியின்போது பாட்டு, முடிந்ததும் ஐஸ் ஒத்தடம் என்று மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலோ, தையல் போட்ட இடம் சிவந்து நீர் கசிந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி இறுகி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ பாட்டைப் போட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். ராத்திரி எந்த நேரமானாலும் அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.